எட்டுப் பரப்பும் நாலு பல்லும்

தன் சீதனக் காணியைத் தானே சங்கிலி பிடித்து அளந்த மாப்பிள்ளை வடமராட்சியில் ஒருவன்தான். அது நான்தான். இதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால், குறை பிடிக்கவென்றே போனேன் என்று உங்கள் அம்மாவின் ஆட்கள் கல்யாண வீடுகளில் சொல்லித் திரிகிறார்களே, அதை மறுக்கிறேன். பிள்ளைகள் நீங்களும் அதைக் கேட்டுவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். ஆகவே நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். சிரிக்க வேண்டிய இடங்களையும் நானே காட்டித் தருவேன். மற்ற இடங்களில் சிரிக்கக்கூடாது.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய கதை. கல்லூரியில் கடைசிச் சோதனையை இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு (முதல் தரத்தைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை), யாழ்ப்பாணத்தில் ஒரு சேவையரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். சேவையர் என்றால் காணி அளக்கிறவர். களிசான், சப்பாத்து, வெயில் தொப்பி எல்லாம் புதிதாக வாங்கினேன். அந்தத் தொப்பியை மழைக்காலத்திலும் கழற்றவில்லை. சாப்பிடும்போதாவது கழற்றடா என்று அப்பு சொன்ன பிறகுதான் தலையில் காற்றுப் பட்டது. அப்பு என்றால் என் தகப்பனார். கோப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்தவர்.

எனக்கு வேலை கிடைத்த மாதமே அப்பு கல்யாணம் பேசத் தொடங்கிவிட்டார். கரவெட்டிப் பக்கம், பொருத்தம் சரி, எட்டுப் பரப்பு வளவு, அதாவது அரை ஏக்கர் வீட்டுக்காணி, சீதனம் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. யார் வீடு என்று கேட்டேன். "உனக்கேன் உது? நீ தாலி கட்டினால் காணும்" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் கிழமை, சேவையர் ஐயா ஒரு எல்லை வழக்குக்குச் சாட்சி சொல்ல நீதிமன்றம் போகவேண்டி வந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"கரவெட்டியிலை வேலுப்பிள்ளையரின்டை வளவு. மகளுக்குக் காணி உறுதி எழுதப் படம் வேணுமாம். பழைய உறுதியிலை எட்டுப் பரப்பு. நீர் போய் அளந்து குறிச்சுக்கொண்டு வாரும். நான் பிறகு போய்ச் சரிபார்ப்பன். ஒரு அளவையும் அங்கை வாயாலை சொல்லக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம் ஐயா" என்றேன். விளங்கியது 'நீர் போய்' என்ற இரண்டு சொற்கள் மட்டும்.

என்னோடு வந்தவர் கதிரவேலண்ணை. முப்பது வருடமாகச் சங்கிலி பிடிக்கிறவர். நான் பிறக்க முன்னமே அரைவாசி வலிகாமத்தை அளந்து முடித்தவர். வழியில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அண்ணை, வேலை நேரத்திலை கதைக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டேன்.

வேலுப்பிள்ளையர் படலையடிக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். கதிரை போட்டு, மோர் தந்து, யாழ்ப்பாணத்தில் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"தம்பி எந்தப் பகுதி? ஆரின்டை மகன்?"

"வேலை நேரத்திலை சொந்தக் கதை கதைக்கிறதில்லை" என்றேன், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. (சிரிக்க வேண்டிய முதலாவது இடம் இது. அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லியிருந்தால் கதையே இல்லை.)

இனிச் சங்கிலியைப் பற்றிச் சொல்லவேண்டும். நீளம் அறுபத்தாறு அடி, அதில் நூறு கண்ணி. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைத் தகடு தொங்கும். பத்தாவதில் ஒரு பல்லு வைத்த தகடு, இருபதில் இரண்டு பல்லு, முப்பதில் மூன்று, நாற்பதில் நாலு. நடுவில் ஐம்பதில் மட்டும் வட்டத் தகடு. அதைத் தாண்டினால் மீண்டும் நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும். எந்த முனையைப் பிடித்தாலும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே நாலு பல்லுத் தகடு நாற்பதாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம். வட்டத் தகடு எங்கே கிடக்கிறது என்று பார்த்த பிறகுதான் சொல்லவேண்டும்.

நான் பார்க்கவில்லை. கிழக்கு வேலியோரம் இரண்டு முழுச் சங்கிலி போய், மூன்றாவதில் மூலைக் கதியாலடியில் (வேலிக்கு நடுகிற கம்புதான் கதியால்) நாலு பல்லு தெரிந்தது. இரண்டு சங்கிலி நாற்பது என்று குறித்தேன். மேற்கு வேலியோரம் மாட்டுக்கொட்டில் மறித்தது. சப்பாத்தில் சாணி பட்டுவிடும் என்பதால், அந்தப் பக்கமும் அதே நீளம்தான் என்று நானே தீர்மானித்தேன். பிறகு கதிரையில் இருந்து பெருக்கிப் பார்த்தேன். எட்டுப் பரப்பு வரவில்லை.

ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தவனுக்கு வாயை மூடத் தெரியுமோ? "ஐயா, இந்த வளவு எட்டுப் பரப்பு இல்லை. பழைய உறுதியிலை இருக்கிறதுக்குக் கிழக்காலை பதின்மூண்டு அடி குறையுது" என்றேன், வேலிக்கு அப்பால் நின்ற அயலவர்களுக்கும் கேட்கத்தக்கதாக.

குசினிக்குள் இருந்து வேலுப்பிள்ளையரின் மனைவி குரல் கொடுத்தா. "வருஷா வருஷம் அந்த வேலிக்கு முந்நூறு ஓலை. போன மாசம் அடைச்சதும் முந்நூறுதான். பதின்மூண்டு அடி குறைஞ்சால் ஓலை மிஞ்சியிருக்க வேணுமல்லோ?"

"அம்மா, ஓலைக் கணக்கு வேறை, சங்கிலிக் கணக்கு வேறை. சங்கிலி பொய் சொல்லாது."

(இது இரண்டாவது இடம். நன்றாகச் சிரியுங்கள்.)

வேலை முடிந்தது. பெரிய மனது பண்ணி, மனிதர் முதலில் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்னேன். "நான் கோப்பாய். கணபதிப்பிள்ளையற்றை மூத்த மகன்."

வேலுப்பிள்ளையர் கையில் இருந்த மோர்ச் செம்பை மெதுவாகக் கீழே வைத்தார். குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. வேலிக்கு அப்பால் யாரோ ஒருத்தி, "மாப்பிள்ளையே வந்திட்டாரடி அளக்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொப்பிக்குள் தலை வேர்த்தது.

"ஐயா, எனக்குத் தெரியாது, நான் சத்தியமாய்..."

"வேண்டாம் தம்பி" என்றார். "எட்டெண்டு வாக்குக் குடுத்தனான். குறைஞ்சால் குறை என்ரை பக்கம். பனங்காணியிலை ரெண்டு பரப்புச் சேர்த்து எழுதுறன். உம்மடை அப்புவிட்டைச் சொல்லும்."

"அது சின்னவளுக்கெண்டு வைச்சதெல்லோ" என்று குசினிக் குரல் கேட்டது. அவர் எழும்பி என்னைப் படலையடி வரை கூட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து அப்புவிடம் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அப்பு என் தோளில் தட்டினார். என் வாழ்நாளில் அதுதான் முதல் தட்டு. "உன்னைப் படிப்பிச்ச காசு வீண்போகேல்லை" என்றார்.

அடுத்த நாள் காலையில் சேவையர் ஐயா என் குறிப்புக் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கதிரவேலண்ணையைக் கூப்பிட்டார். "மூலையிலை எத்தினையாவது கண்ணி?"

"அறுபது. வட்டத் தகடு வேலிக்கு இங்காலை கிடந்தது, நான் கண்டனான்."

"அப்ப ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?" என்றேன் நான்.

"வேலை நேரத்திலை கதைக்கிறதில்லையெண்டு தம்பிதானே சொன்னவர்."

பெருக்கிப் பார்த்தோம். எட்டுப் பரப்புக்கு மேலேயே வந்தது. சேவையர் ஐயா என்னைச் சொன்ன சொற்களை இங்கே எழுத மாட்டேன். கடைசியில், "அடுத்த கிழமை நான் போறபோது திருத்துவன். நீர் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கக்கூடாது" என்றார்.

அடுத்த கிழமைக்குள் பனங்காணிக்கு உறுதி எழுதிவிடுவார்கள். மத்தியானம் ஓடிவந்து அப்புவிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன?" என்றார் அப்பு. "அவராய்த் தந்தவர். நீ கேட்டனியோ? வாயை மூடிக்கொண்டிரு."

"அது தங்கச்சிக்காரிக்கு வைச்ச காணி, அப்பு."

"கரவெட்டிக்குப் போனியெண்டால் திரும்பி இந்தப் படலை திறக்காதை."

இந்த இடத்தில் சிரிக்கக்கூடாது. நான் சைக்கிளை எடுத்தேன். சேவையர் ஐயாவின் கந்தோருக்குப் போய்ச் சங்கிலியையும் கேட்காமல் எடுத்தேன். வேலை போனால் போகட்டும், வீடு போனால் போகட்டும், என் பிழைக்கு ஒரு பிள்ளை தன் காணியைக் கொடுக்கக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதேதான் நினைக்கிறேன்.

(இனிச் சிரிக்கலாம்.) கரியரில் கட்டிய சங்கிலி கரவெட்டிச் சந்தியடியில் அவிழ்ந்துவிட்டது. பின்னால் அறுபத்தாறு அடிக்கு இரும்பு இழுபட்டு வருகிறது, எனக்குத் தெரியாது. ஊர் நாய்கள் எல்லாம் துரத்துகின்றன. புதுத் தொப்பி எங்கேயோ போய்விட்டது. வேலுப்பிள்ளையர் படலையடியில் நான் விழுந்தபோது, என்னோடு ஊரில் அரைவாசி வந்து சேர்ந்திருந்தது.

நல்லது என்று நினைத்தேன். கேட்டவர்கள் முன்னால்தானே திருத்தவேண்டும்.

முதலில் மாட்டுக்கொட்டிலுக்குள்ளால் சாணி மிதித்துப் போய் மேற்கு வேலியை அளந்தேன், குறையவில்லை. பிறகு கிழக்கு வேலியோரம் சங்கிலியை இழுத்துப் போட்டேன். கடைசித் துண்டில் முழங்காலில் இருந்து ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டு உரத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று போய் மூலைக் கதியாலில் அறுபது. எழும்பி, "பிழை விட்டவன் நான். வளவு எட்டுக்கு மேலை. அம்மாவின்டை ஓலைக் கணக்குத்தான் சரி. பனங்காணியிலை ஒரு வடலியும் எனக்கு வேண்டாம். கல்யாணமும் வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, போறன்" என்றேன்.

வேலுப்பிள்ளையர் என் கிழிந்த களிசானையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது குசினிப் பக்கத்திலிருந்து பத்து வயதுப் பெட்டை ஒருத்தி, சின்னவள்தான், ஒரு சிவப்புத் துணிக் கிழிசலோடு வந்தாள். சங்கிலியின் ஒரு முனையில் அதைக் கட்டி இறுக்கினாள்.

"அத்தான், எண்ணத் துடங்கிறது இங்கையிருந்து" என்றாள்.

அத்தான் என்றுவிட்டாள். அதோடு கல்யாணம் உறுதியாகிவிட்டது. வேலுப்பிள்ளையரே சிரித்துவிட்டார். உள்ளே கதவுக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பும் கேட்டது. உங்கள் அம்மாவை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான்.

அப்பு ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை. எங்கள் கல்யாணத்தில் சம்பந்தியோடு மட்டும் கதைத்தார். சேவையர் ஐயா என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. அந்தச் சிவப்புத் துணியையும் அவிழ்க்க விடவில்லை.

பனங்காணி இப்போது உங்கள் சின்னம்மாவுடையது. ஒவ்வொரு வருடமும் பனங்கிழங்கு கிண்டியதும் ஒரு கட்டு எங்களுக்கு வரும், சிவப்புத் துணியால் கட்டி. அம்மா அவித்து வைத்துவிட்டு, "உங்கடை அப்பா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இது முழுக்க எங்கடை" என்று உங்களுக்குச் சொல்லுவா. சொல்லட்டும். எனக்கு ஆறு கிழங்கு வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஆறு.