சின்னராசு முதுகில் பன்னிரண்டு வட்டம்

"சட்டையக் கழட்டாமயே குளிக்கப் போறீங்களா?" என்று மணிமொழி சொம்போடு வழியை மறித்தாள்.

"குளிருதுடி" என்றான் அவள் கணவன் சின்னராசு.

மணலூர்பேட்டைப் பக்கம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஊரில் குளிர்ந்தது அவன் ஒருவனுக்குத்தான். காரணம், சட்டைக்குள் முதுகில் இருந்த பன்னிரண்டு சிவப்பு வட்டங்கள். கரும்புக் கட்டு தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொள்ள, உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, முந்தாநாள் கள்ளக்குறிச்சியில் வைத்தியம் பார்க்கும் வேடியப்பனிடம் குப்புறப் படுத்து, முதுகில் கோப்பைகளைக் கவிழ்த்துச் சதையை இழுக்கும் கப்பிங் வைத்துக்கொண்டு வந்திருந்தான். "பத்து நாளு படுத்துக் கெடந்தாதான் சரியாவும்" என்று வேடியப்பன் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை.

எப்படிப் படுப்பது? வெள்ளிக்கிழமை மாரியம்மன் திருவிழா. சாமி பல்லக்கின் தண்டில் முன்வரிசை, அவன் அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்து இடம். இடுப்பு வலி என்று வாயைத் திறந்தால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும், திரும்பி வராது. அந்த அடுத்த ஆள் மணிமொழியின் தம்பி வெற்றிவேல். ஊரில் யாருக்குத் தெரிந்தாலும் மணிமொழிக்குத் தெரியக் கூடாது.

"இந்த வெயில்ல குளிருதா? காய்ச்சலா இருக்கப் போவுது" என்று நெற்றியைத் தொட்டவள், அதே வேகத்தில் சட்டையைத் தூக்கிவிட்டாள்.

"ஐயோ, ஆத்தா!" என்று அலறினாள்.

"கரும்புச் சோகை கிழிச்சிட்ச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"சோகை கிழிச்சா கோடு கோடா இருக்கும். இது இன்னா வட்ட வட்டமா? அம்மை போட்டுகீது. படுங்க!"

"எனுக்கு வலியே இல்லடி!"

"அது ஆத்தா கருணை. படுங்கன்றன்."

ஐந்து நிமிடத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது. பாய் விரிந்தது. யாரும் உள்ளே வரக் கூடாது என்று மணிமொழி காவலுக்கு நின்றாள். பத்தாவது நிமிடத்தில் நாட்டாமை செல்லமுத்துவும் வெற்றிவேலும் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"நீ கவலப்படாத மாமா. ஒன் எடத்துல நான் தூக்கிக்கறன்" என்றான் வெற்றிவேல். அவன் குரலில் வருத்தம் கொஞ்சம் கம்மியாகவே இருந்தது.

சின்னராசுவுக்குப் பொறுக்கவில்லை. "எனுக்கு ஒண்ணும் இல்ல! நான்தான் தூக்குவன்!" என்று துள்ளி எழுந்தான். பாதியிலேயே இடுப்பு சுளீரென்று பிடித்தது.

"ஆத்தாஆஆ!"

நாட்டாமை பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளே இவன் வூட்டுக்கு வந்துகீறா. இவன் எதுக்குப் போயி அவளத் தூக்கணும்? வெற்றிவேலு, இந்த வருசம் இவன் துண்டத் தண்டுல கட்டிக்கினு நீ தோள் குடு. எடம் எப்பவும் சின்னராசுதுதான்."

வெற்றிவேல் முகம் தொங்கிப்போயிற்று. சின்னராசு ஒரு முனகலோடு நிம்மதியாகப் படுத்தான்.

அதன்பிறகு இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ், தூக்கம். மணிமொழி வயலுக்கும் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறினாள். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. ஆனால் மனசு உறுத்தியது. இப்படி ஒரு வெள்ளந்தியை ஏமாற்றிவிட்டோமே என்று ராசா மாதிரி படுத்துக்கொண்டே வெட்கப்பட்டான். அடுத்த திருவிழா முடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவும் செய்தான்.

பத்தாம் நாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. வேடியப்பன்! அடுத்த தடவைக்கு ஆள் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்திருந்தான். சின்னராசு கண்ணைக் காட்டினான், உதட்டில் விரல் வைத்தான், கும்பிடக்கூடச் செய்தான்.

வேடியப்பன் அவனைக் கவனிக்கவே இல்லை. நேராக மணிமொழியிடம் கேட்டான்:

"சின்னக் கப்பா பாத்து வைக்கச் சொல்லி போன் பண்ணீங்களே அக்கா, அம்மையாட்டமே தெரிஞ்சுதா?"