மொட்டைமாடியில் காய்ந்த மலை மஞ்சள்

ஐம்பது வயதுக்குள் கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துத் தீர்த்தவன் நான். ஒரு பொருளைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும் என்ற ஞானம் மட்டும் அவற்றில் எதிலிருந்தும் கிடைக்கவில்லை.

பொருள் என்றால், நானும் மனைவி அமுதாவும் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு ஆன்லைனில் வரவழைத்த வைப்ரேட்டர். (கூரியர்காரரிடம் டார்ச் லைட் என்றேன். அவர் கேட்கவே இல்லை.) அதைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு என்று பேச்சு. நான் செய்த சுத்தம், லுங்கி முனையால் ஒரு துடைப்பு.

விளைவு, அமுதாவுக்குத் தொற்று. கள்ளக்குறிச்சி டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் மிதமான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். நன்றாகக் காயவைத்துச் சுத்தமான பையில் வைக்கவேண்டும். மோட்டார் உள்ளதைக் கொதிக்கவைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று என் படிப்பு சந்தேகப்பட்டது. சங்கராபுரத்திலிருந்து வந்திருந்த மாமியார் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் மஞ்சள்தூள், வேப்பிலை சகிதம் அதை இறக்கினேன். அடுப்பைச் சிம்மில் வைத்தால் கொதிப்பதில் சேராது என்பது என் கட்சி.

அமுதா எட்டிப் பார்த்தாள். "இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"கிருமிய ஒழிக்கறேன்."

"வேப்பலை எதுக்கு? அதுக்கு அம்மையா போட்டிருக்கு?"

வெளியே எடுத்தபோது மோட்டார் உயிரை விட்டிருந்தது. வெள்ளை சிலிக்கான், மஞ்சள் பூசிக் குளித்த புதுப்பெண் போல ஜொலித்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. காயவைக்க வேண்டுமே? மொட்டைமாடியில் மாமியார் தன் நிலத்து மஞ்சளை வேகவைத்துப் பரப்பியிருந்தார். நிறம் பொருந்துகிறதே என்று அதன் நடுவில் ஒளித்துவைத்தேன். (மூளை!)

சாயங்காலம் மஞ்சளைக் கிளறப் போனவர் மேலிருந்து கூப்பிட்டார். ஓடினேன். அது அவர் கையில் இருந்தது. விஷயம் தெரிந்தால் அமுதா இனி அம்மா முகத்தில் விழிக்கவே முடியாது.

"நம்ம மஞ்சள்ல இப்டி ஒன்னு இல்லியே, மாப்ள?" அமுக்கிப் பார்த்தார். "மெத்துனு கீது. இன்னும் காயல போல."

"கல்வராயன்மலை மஞ்சள், அத்தை. மருந்துக்குனு ஒருத்தர் குடுத்தாரு."

"இன்னாத்துக்கு நல்லது?"

"ஒடம்பு அலுப்புக்கு," என்று உளறினேன்.

முட்டிவலிக்கும் கேட்கும் என்று அவரே முடிவு கட்டி, அரைத்துப் பற்றுப் போடக் கிளம்பினார். என் பின்னாலேயே ஏறி வந்த அமுதா, மாடிப்படியில் மறித்து அதைப் பிடுங்கினாள்.

"அது அவரு மருந்தும்மா. ஒருத்தருக்குக் குடுத்தத இன்னொருத்தர் தொடக் கூடாது. ஒட்டிக்கும்."

மாமியார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். அந்த வீட்டில் முறையாக நடந்த முதல் கழுவல் அதுதான்.

புதிது வாங்கிவிட்டோம். டாக்டரம்மா சொன்னபடியே கழுவுகிறேன். அமுதாவுக்கு மறுபடி ஒன்றும் வரவில்லை. வந்தது எனக்குத்தான், அதுவும் பேர் தெரியாத ஒட்டுநோய். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமியார் வழிச் சொந்தங்கள் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையைக் காலியாக விட்டுவிட்டு, தள்ளி நின்றே கேட்கிறார்கள்: "மாப்ள, அது இப்ப எப்டி கீது?"

"சோப்புப் போட்டுக் கழுவிக்கினு கீறேன், பரவால்ல," என்கிறேன். எதிர்ப்பந்தியில் அமுதாவுக்குப் புரையேறுகிறது.