தாய்மாமன் கையில் பட்டாம்பூச்சி

நான் முட்டாள் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் ரோஸ் கலர் நகத்தோடு ஒப்புக்கொள்ள நேர்ந்தது ஒரே ஒருமுறைதான்.

என் மனைவி செல்வி, செல்லூரில் எங்கள் வீட்டிலேயே பெண்களுக்கு ஒட்டு நகம் வைத்துவிடும் தொழில் தொடங்கப்போவதாக அறிவித்திருந்தாள். பார்லர் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு மலிவாக, பத்து நாள் தாங்குகிற நகம். தாங்குமா என்று யார் கையிலாவது ஒட்டிப் பார்க்க வேண்டுமே! அக்கம்பக்கத்துப் பெண்கள் நைசாக நழுவிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் (அதுதான் நான் செய்த தப்பு).

என் நகங்களை அரம் போட்டுத் தேய்த்தாள். ஸ்பிரிட்டால் துடைத்தாள். பசை வைத்து ஒவ்வொன்றையும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாள். பெட்டியோடு வந்த பசை பத்தாதாம். அறுந்த செருப்புக்கு வாங்கி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டாள். வலது கையை மட்டும் கெஞ்சி மீட்டேன். இடது கையில் ஐந்து ரோஸ் நகங்கள், மோதிர விரலில் ஜிகினாப் பட்டாம்பூச்சி. காலையில் வெந்நீரில் ஊறவைத்தால் வந்துவிடும் என்றாள்.

வரவில்லை. வெந்நீர் பட்டு இன்னும் பளபளத்ததுதான் மிச்சம். நகவெட்டியை வைத்தால் என் சொந்த நகமும் கூடவே கிளம்பப் பார்த்தது. அன்றைக்குத்தான் திருமங்கலத்தில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு செல்வியோடு பஸ் ஏறினேன்.

கையில் என்ன கட்டு என்று அக்காவின் மாமியார் கேட்டார். அலர்ஜி என்று உளறிவைத்தேன். அது சொறியாக மாறி மண்டபம் முழுக்கச் சுற்றிவர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"பிள்ளைக்கு ஒட்டிக்கிரும். அவுக பெரியப்பா மடியில வைங்க" என்றார் மாமியார்.

தாய்மாமன் இருக்கும்போது வேறு மடி என்றால், பிறந்த வீட்டையே வெளியே நிற்கச் சொன்ன மாதிரி. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"என் தம்பி மடி இல்லைன்னா எம்பிள்ளைக்குக் காதே குத்த வேணாம்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் மானம் போனால் போகட்டும், அவள் மானம் போகக் கூடாது என்று துண்டை அவிழ்த்தேன்.

காது குத்த வந்த ஆசாரி, ஊசியும் கையுமாக என் விரல்களையே பார்த்தார். மாமியார் குனிந்து பட்டாம்பூச்சியைப் பிடித்து இழுத்தார். நகம் வரவில்லை, நான்தான் நாற்காலியோடு கொஞ்சம் முன்னால் வந்தேன்.

"எம்புட்டு நாளு தாங்கும்?"

கூட்டத்துக்குள்ளிருந்து செல்வியின் குரல் வந்தது. "பத்து நாளு நிக்கும்த்தே. பாத்திரங்கூட வெளக்கலாம்."

அவ்வளவுதான். பிள்ளை என் மடிக்கு வந்தான், பெண்கள் என் இடது கைக்கு வந்தார்கள். ஒருத்தி திருப்பிப் பார்க்க, இன்னொருத்தி சுரண்டிப் பார்க்க, அந்த அமளியில் ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். செல்வியிடம் அங்கேயே ஏழு பேர் தங்களுக்கும் நகம் வைக்கச் சொல்லிவைத்தார்கள். நகம் பன்னிரண்டு நாள் நின்றது (பஸ்ஸில் வலது கையால் மட்டுமே கம்பி பிடித்தேன்).

அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தக் காதுகுத்துப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. பிள்ளையை மடியில் வைத்திருப்பது யார் என்று விருந்தாளிகள் கேட்டால், மாமியார் முகத்தில் சிரிப்பே காட்டாமல் விளக்குவார்.

"வலது கை தாய்மாமன். இடது கை செல்வி கடை."