மூணு வாசல் சர்வரும் வியாழக்கிழமை மழையும்

நல்ல குடும்பத்துக்கு ஒரு வாசல் போதும். ஆனா மரக்காணத்து உப்பள மழை எச்சரிக்கை ஆபீஸ்ல இருந்த சர்வருக்கு மூணு வாசல். மூணுலயும் ஈதர்நெட் கேபிள் சொருகி, மூணுக்கும் ரிப்பன் வெட்டி, மூணுக்கும் சுவத்துல கல்வெட்டு பதிச்சிருந்தாங்க. முதல் கேபிள் சர்க்கார் போட்டது. ரெண்டாவது பிரைவேட்டு, ஆபீசர் அரசப்பன் அலையா அலைஞ்சு வாங்கினது. மூணாவது உப்பு வியாபாரிங்க சங்கம் அன்பளிப்பா குடுத்தது. அன்னைக்குப் போட்ட கேசரியில உப்பு தூக்கல். உப்பு சங்கத்துக் கேசரி வேற எப்படி இருக்கும்? அது கிடக்கட்டும்.

அங்க கம்ப்யூட்டர் பாக்கிற கான்ட்ராக்ட் பொண்ணு பூவிழி. அவ அம்மா செல்லம்மாள் இத்தனை காலம் அடுத்தவங்க பாத்தியில கூலிக்கு உப்பு வாரினவ. இந்த வருஷந்தான் குத்தகைக்கு ஒரு பாத்தி எடுத்து, வெள்ளைவெளேர்னு அம்பாரம் குவிச்சி வெச்சிருந்தா. லாரி வர்ற வரைக்கும் அது மேல மழை விழக்கூடாது. விழுந்தா அத்தனையும் கரைஞ்சு, வந்த கடலுக்கே போயிடும்.

அதுக்குத்தானே இந்த சர்வர்! மழை வருதுன்னா வானிலைக்காரங்க சர்வருக்குச் சொல்லணும். சர்வர் மெசேஜ் கம்பெனிக்குச் சொல்லணும். கம்பெனி எல்லார் போனுக்கும் சொல்லணும். அப்புறம் ஜனங்க ஓடிப்போயி அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடணும். இதுல ஒரு சங்கதி. அந்தக் கம்பெனி, பிரைவேட் கேபிளால வந்தாத்தான் கதவைத் திறக்கும். மத்த வழியா வந்தா, "யாருப்பா நீ?"ன்னு துரத்திவிட்டுடும்.

வெளிய போறதுக்கு இதான் உன் வாசல்னு சர்வருக்கு ஒண்ணைக் காட்டி வைக்கணும். டீபால்ட் கேட்வேன்னு அதுக்குப் பேரு. யாரோ ஒரு புண்ணியவான் மூணையுமே டீபால்ட்னு எழுதி வெச்சிட்டான். இடையஞ்சாவடியில ஒரு கல்யாணத்துல மூணு தாய்மாமனுங்க, யார் முதல் மாலை போடறதுன்னு அடிச்சிக்கினு, முகூர்த்தம் தாண்டி, மாப்பிள்ளை உக்காந்த வாக்குலயே தூங்கிட்டான். அந்தக் கதைதான் இங்கயும். மெசேஜ் ஒண்ணுகூட ஊர் போய்ச் சேரல.

பூவிழி ஆபீசர்கிட்ட போனா. "சார், பிரைவேட் கேபிளை மட்டும் டீபால்ட்டா வெச்சிடலாங்க. ஒரு நிமிஷ வேலை."

"ஏம்மா, சர்க்கார் கேபிளை ஓரமா நிக்க வெச்சிட்டுப் பிரைவேட்டு முன்னாடி போவுமா? சங்கத்துத் தலைவர் வந்து கேட்டா நான் மூஞ்சியை எங்க வெச்சிக்கிறது?"

"மெசேஜ் போகணுமே சார்?"

"போறது டெக்னிக்கல். எந்த வழியா போகுதுங்கறது சட்டம் ஒழுங்கு."

தேர் எந்தத் தெருவால வரணும்னு தகராறு வந்தா ரெண்டு தரப்பையும் உக்கார வெச்சுப் பேசுவாங்களே, அமைதிப் பேச்சுவார்த்தை, அதையே கூட்டிட்டாரு அரசப்பன். கேபிளுக்கு ரெண்டு ஆளு. மசால்வடை, டீ. நடுவுல ஒரு ஆளு கோவிச்சிக்கினு வெளிய போயி, வடை சூடா வந்ததும் திரும்பி வந்தாரு. சாயங்காலம் தீர்மானம் போட்டாங்க: "மேற்படி சர்வரிலிருந்து வெளிச்செல்லும் தகவல்கள், எந்தவொரு கேபிளின் மனமும் புண்படா வண்ணம், முறை வைத்துச் செல்லும்." புதன் சர்க்கார், வியாழன் சங்கம், வெள்ளி பிரைவேட்டு, அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து.

"அப்ப பிரைவேட்டு முறை அன்னைக்கு மழை வந்தாத்தான் சார் சொல்ல முடியும்."

"வரும்மா. ஆபீஸ் ஒரு ஒழுங்குக்கு வந்துட்டா மழையும் ஒழுங்குக்கு வரும்."

மழைக்குத் தீர்மானத்தோட நகல் போகல போலிருக்குது. வியாழக்கிழமை காலையிலேயே கடல் பக்கம் கருகருன்னு ஏறுது. வானிலைக்காரங்க சொன்னது சர்வருக்குள்ள வந்து குந்திக்கினு இருக்குது. பூவிழி ஓடினா.

"சார், இன்னைக்கு ஒரு நாளு மட்டும் மாத்திடட்டுங்களா?"

"இன்னைக்கு சங்கத்து முறை. தலைவர் வந்து தன்னோட கேபிளையே பாத்துக்கினு உக்காந்திருக்காரு, பாரு."

ஒரே ஒரு வரி அடிச்சா போதும். அடிச்சா கான்ட்ராக்ட் போயிடும். விரலு கீபோர்டு மேலயே நின்னுது. கடைசியில விரலை எடுத்துட்டு, அம்மாவுக்குப் போன் போட்டா.

"அம்மா, மழை வருது. அம்பாரத்தை மூடு."

"மெசேஜ் வரலியேடி."

"நான்தாம்மா அனுப்புற ஆபீஸ்ல இருக்கிறேன்!"

"அனுப்புறவ அனுப்பலாமில்ல? வாயால சொல்றியே, இது கணக்குல சேருமா? பக்கத்துப் பாத்தி காசிலிங்கத்தைக் கேக்கறேன், இரு. ஏம்பா காசிலிங்கம், மழை வருமா?"

காசிலிங்கம் சொன்னது போன்லயே கேட்டுது. "மேகம் கறுத்துக்கினுதான் இருக்குது, அக்கா. தட்டானும் தாழப் பறக்குது. ஆனா போன் சும்மா கிடக்குதே. வராது."

ஊரே தார்ப்பாயைச் சுருட்டி வெச்சிக்கினு, போனைப் பாத்துக்கினு நின்னுது. முதல் சொட்டு விழுந்ததும் செல்லம்மாள் அவசரமா பிளாஸ்டிக் கவரை எடுத்தா. எடுத்து, போனை அதுக்குள்ள பத்திரமா போட்டு, மடியில சொருகிக்கினா. அம்பாரம் அவ கண்ணெதிர்ல கொழகொழன்னு உக்காந்து, வாய்க்கால் வழியா ஓடிப்போச்சு. "நெஜ மழையா இருந்தா மெசேஜ் வந்திருக்குமே"ன்னு நனைஞ்சுக்கினே சொன்னா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மண்டையைப் பொளக்கிற வெயில். முறைப்படி பிரைவேட்டு வாசல் திறந்துச்சு, நேத்திலேருந்து காத்துக்கினு இருந்த மெசேஜ் சிட்டா பறந்துச்சு: "கனமழை எச்சரிக்கை. உப்பை உடனே மூடவும்." ஊரு போன் அத்தனையும் ஒண்ணா கத்துது. அரசப்பனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. "மூணு கேபிளும் ஒத்துமையா இருந்ததால கிடைச்ச வெற்றிம்மா இது"ன்னு லட்டு வாங்கியாரச் சொன்னாரு.

பூவிழிக்கு அம்மா போன் பண்ணா. மூச்சு வாங்குது. "மெசேஜ் வந்துடுச்சிடி! எல்லாரும் தார்ப்பாயைத் தூக்கிக்கினு ஓடறோம்!"

"எதைம்மா மூடப் போறீங்க?"

தார்ப்பாய் தரையில இழுபடற சத்தம் போன்ல கேட்டுது.

"அம்பாரம் இருந்த எடத்தை" அப்டின்னா செல்லம்மாள். "பின்ன, ஆபீஸ்ல சொல்லும்போது சும்மா இருக்க முடியுமா?"

பூவிழி தலையில அடிச்சிக்கினா. ஜன்னலால பாத்தா மேகம் ஒரு பொட்டுகூட இல்ல. வீட்டுக்குக் கிளம்பி வாசப்படி தாண்டினவ, கையில இருந்த போனை ஒரு தடவை பாத்தா. வானத்தைப் பாத்தா. மறுபடியும் போனைப் பாத்தா.

திரும்பி உள்ள போயி குடையை எடுத்துக்கினு வந்தா.