வைப்பாற்றுக் கப்பலுக்கு வார்னிஷ் அடித்த கதை

அன்பும் மரியாதையும் கொண்ட காசிராஜன் அத்தானுக்கு, உங்கள் கொழுந்தியாள் ஆமத்தூர் அழகுமீனா கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் ஆடுகளும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வீக்கமும் அக்காவின் கோபமும் வற்றியிருக்கும் என்று நம்புகிறேன். வற்றாவிட்டால் இந்தக் கடிதத்தை இரண்டு நாள் கழித்துப் படியுங்கள். தாளின் பின்பக்கம் புஸ்வாணப் படம் இருக்கும், அது எங்கள் பிரஸ்ஸில் கழித்துப் போட்ட லேபிள்.

உங்கள் வாலிபத்தையெல்லாம் தின்ற வைப்பாறு கடற்படைக் கப்பலுக்கு இன்று சாயங்காலம் விசாகப்பட்டினத்தில் கொடி இறக்கி ஓய்வு கொடுக்கிறார்கள். அதற்குப் பேர் கொடுத்த ஆற்றங்கரையில், இன்றைய தேதியிலேயே, தபால் முத்திரை குத்திய உறைகள் வேண்டும், கூட வேலை பார்த்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் ஆளுக்கு ஒன்று கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன், நாளைக்குக் குத்தினால் அது வெறும் காகிதம் என்றீர்கள். சிவகாசியில் பிரஸ் வேலை பார்க்கிறவளாயிற்றே என்று என்னிடம் ஒப்படைத்தீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளை நம்பி ஒரு காரியம் கொடுத்த முதல் ஆள் நீங்கள்தான். கடைசி ஆளும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

முதலில் ஆற்றுப் படம். உறையின் மூலையில் ஆறு தண்ணீரோடு தெரியவேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள், கடலிலேயே கிடந்தவருக்கு அது சுலபம். நானும் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தால் கரையிலிருந்து கரை வரை மணலும் சீமைக்கருவேலமும்தான். நல்லவேளையாக ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு நின்றது. அந்தக் குட்டைக்கு முன்னால் இவர் குப்புறப் படுத்து போனைத் தரையோடு வைத்து எடுத்தார். "ஏ மீனா, கங்கை மாதிரி வந்துருக்கு பாரு" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் வந்திருந்தது, அக்கரையில் நின்ற ஆட்டுக்குட்டி மட்டும் யானை உயரம். பின்பக்கத்தில் நீங்கள் சொன்ன கப்பல் வரலாற்றை அச்சடித்தோம். அது யாரையும் சுடவில்லை, புயலில் மாட்டிய மீனவர்களை ஏற்றி வந்தது, வறண்ட தீவு ஒன்றுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனது. தண்ணீர் இல்லாத ஆற்றின் பேரை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமந்திருக்கிறது பாருங்கள், பேர் கொடுத்த ஊருக்கும் ஒரு நடை வந்திருக்கலாம்.

அதுவரைக்கும் பிசகில்லை. மெஷின்மேன் சோலைச்சாமி அடித்து முடித்துவிட்டு, "எக்கா, மொட்டையா இருக்கே, ஒரு கோட்டு வார்னிஷ் விட்ருவமா?" என்றான். சாதாரணக் காகிதம் போதும் என்று நீங்கள் போனில் சொன்னது ஞாபகம் இருந்தது. அத்தான் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் மின்னாத எதையும் நாங்கள் வெளியே அனுப்பியதில்லை, வெடிப்பெட்டியோ, காலண்டரோ, கல்யாணப் பத்திரிகையோ. "விடுலே, எங்க அத்தான் கப்பலு, புஸ்வாண டப்பாவை விட மின்னணும்" என்றேன். மின்னியது அத்தான். தலைசீவுகிற அளவுக்கு முகம் தெரிந்தது.

இன்று காலை அத்தனையையும் பையில் கட்டி, பஸ் ஏறி, ஆற்றங்கரைத் தபால் ஆபீஸுக்கு வந்தேன். இங்கே முத்திரை குத்துகிற கிருபா என்ற பிள்ளை ரொம்பப் பொறுமை. ஸ்டாம்பை ஒட்டினோம், அது மீன் செதிள் மாதிரி சுருண்டு எழுந்தது. பசையை அப்பிப் பிடித்துக்கொண்டோம், அவள் குத்தினாள். "எக்கா, முத்திரை வழுக்குதே, என்ன தடவியிருக்கீக?" என்றாள். "வார்னிஷ்மா." "தபால் கவருக்கா?" "அத்தான் கவருக்கு." விரல் பட்டதும் தேதி முழுக்க அழுத பொண்ணு கண்மை மாதிரி இழுகிவிட்டது. ஃபேனுக்கடியில் காயவைத்தோம், பறந்தது. பட்டாசுக் கம்பெனி புத்தி எங்கே போகும், ஈரம் என்றால் வெயில் என்று நான்தான் எல்லாவற்றையும் பொறுக்கி அடுக்கி, காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தேன். வெயிலில் வார்னிஷ் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, கப்பலும் ஆறும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து ஒரே செங்கல். "எக்கா, இதைப் பார்சல்ல வேணா அனுப்பலாம்" என்றாள் கிருபா. உங்கள் நண்பர்கள் முன்னால் வெறுங்கையோடு நிற்கப் போகிறீர்களே என்று நினைத்ததும் எனக்கே சிரிப்பு நின்றுபோயிற்று.

ஆகவே உறை ஒன்றுகூட இல்லை அத்தான். திட்டுவதை எனக்கும் சோலைச்சாமிக்கும் பங்குபோட வேண்டாம், முழுசும் எனக்கே கொடுங்கள். அக்காவுக்கு என் முத்தம். உங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு என் கும்பிடு. கரையில் நிற்கப்போகிற கப்பலுக்கும் உங்கள் முழங்காலுக்கும் இனி அலையில்லாத காலம் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேரைக் கெடுத்த கொழுந்தியாள்,
அழகுமீனா

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதியதையெல்லாம் விடுங்கள். இந்தக் கடிதத்தைப் போட உறை தேடிப் பையைத் துழாவினால், வார்னிஷுக்கு முன்னால் மடிப்புப் பார்க்க ஒட்டிய உறை ஒன்று கிடைத்தது, நான் என் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வைத்திருந்தது. ஸ்டாம்பு ஒட்டியது. கிருபா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே குத்து, ஊர்ப் பேரும் இன்றைய தேதியும் வட்டமாக, பொட்டு வைத்த மாதிரி விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறாள். ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டால் என்ன, ஒன்றையே எல்லோரும் கைமாற்றிப் பார்க்கட்டும். ஆகையால் இந்த உறையைத் தயவுசெய்து ஆவியில் காட்டி மெதுவாகப் பிரியுங்கள். கப்பலில் மாதத்துக்கு ஒரு தரம் தபால் வந்த பழக்கத்தில், கரண்ட் பில்லைக்கூடப் பல்லால் கடித்துத்தான் பிரிப்பீர்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

இதை உள்ளே எழுதினால் எப்படி என்று கிருபா கேட்கிறாள். வெளியே எழுதினால் கப்பல் கெட்டுப்போகும். "அப்ப போன் போட்டுச் சொல்லுங்களேன்" என்கிறாள். போன் போட்டால் மற்றதெல்லாம் எங்கே என்று கேட்பீர்களே. தபால் பையைக் கட்டுகிறார்கள். கடித்த துண்டு உங்கள் காலடியில்தான் கிடக்கும் அத்தான், அக்கா வீடு கூட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள்.