ரெக்கார்டுக்குப் பால் பூசியவர்

எழுபத்தொரு வயதில் ஆம்புரோஸ் திருடனாவது என்று முடிவு செய்தார். வெளியில் எங்கும் இல்லை, சொந்த வீட்டில்தான். அதற்கே மூன்று வாரம் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. திருட வேண்டிய பொருள் அவர் மனைவி கத்தரினின் அலமாரியில் இருந்தது. ஈப்போ குனோங் ராபாட் வீட்டுக்குக் குடிவந்த இருபத்தெட்டு வருடத்தில் மனிதர் அந்த அலமாரியை ஒருதரம்கூடத் திறந்ததில்லை. துவைத்த சட்டையை அவள் எடுத்துக் கொடுப்பாள், இவர் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான் உறவு.

அப்படி என்ன பொருள் என்கிறீர்களா? ஒரு சின்ன ரெக்கார்டு. சிலிம் ரிவர் பக்கம் எஸ்டேட்டில் இருந்தபோது, அங்கே கோயில் பாட்டுக் குழு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை ரெக்கார்டு போட்டது. பாட்டின் நடுவில் ஒரு பிள்ளையின் குரல் தனியாக வரும். அது அவர் மகள் பமேலா. பாடியபோது அவளுக்குப் பதினொரு வயது. பதினெட்டு வயதில் டிங்கிக் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். அடுத்த வருடம் எஸ்டேட்டையும் மூடினார்கள். சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார்கள். வந்த அன்றே கத்தரின் சட்டம் போட்டுவிட்டாள்.

"அந்த ரெக்கார்ட யாரும் தொடக்கூடாது. ஊசி படப்பட கொரலு தேஞ்சிரும். பத்திரமா இருக்குன்னு இருந்தா போதும் லா."

பெண்டாட்டி பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத ஆம்புரோஸ் சரி என்று தலையாட்டினார். ஆட்டிய தலை இருபத்தெட்டு வருடம் ஆடிக்கொண்டே இருந்தது.

ஆனால் ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பமேலா 'அப்பா' என்று எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தார். முகம் வந்தது. கோபம் வந்தால் மூக்கை உறிஞ்சுவாளே, அது வந்தது. குரல் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார், சாயங்காலம் மறுபடி பார்த்தார், வரவே இல்லை. பெற்ற பிள்ளையின் குரல் மறந்துபோன தகப்பன் உலகத்தில் உண்டா? யாரிடம் போய்ச் சொல்வது? கத்தரினிடம் சொன்னால் திட்டுவாள். திட்டாமல் அழுதுவிட்டால்?

ஆகவே திருட்டு.

பழைய சாமான் பாசாரில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்தார். நாளும் வாய்த்தது. ஒரு சனிக்கிழமை, பாகான் டத்தோவில் இருக்கும் தங்கை வீட்டில் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று கத்தரின் கிளம்பினாள்.

"நீங்க வரலியா?"

"முட்டி வலிக்குதும்மா."

"நேத்து வரைக்கும் வலிக்கலியே?"

"நேத்து வரைக்கும் ஞானஸ்நானம் இல்லியே."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கத்தரின் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சோறு மூடி வெச்சிருக்கேன். கொழம்ப சூடு பண்ணித் தின்னுங்க. எதையும் நோண்டாதீங்க" என்று சொல்லி வேனில் ஏறினாள்.

வேன் முனை திரும்பியதும் முட்டிவலி பறந்துவிட்டது. கல்யாணப் புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசத்தோடு, 'பமேலா 1988' என்று கத்தரின் கையால் எழுதிய உறை கிடைத்தது. உள்ளே ரெக்கார்டுத் தட்டு முழுக்கப் பூசணம். நடுவில் ஒட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. இதன்மேல் ஊசியை வைத்தால் பாட்டா வரும்? தகரத்தில் ஆணி கீறின சத்தம்தான் வரும்.

இதற்கும் மனிதர் தயாராகத்தான் இருந்தார். போனில் ஒரு வெள்ளைக்காரன், காசு செலவில்லாமல் வீட்டிலேயே ரெக்கார்டு கழுவுவது எப்படி என்று வீடியோ போட்டிருந்தான். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. ஆம்புரோஸ் பேசினில் தண்ணீரை நிரப்பி, சோப்பைத் தாராளமாகவே ஊற்றி, தட்டை முக்கினார். நடுவிலிருக்கும் காகிதத்தை நனைக்காதே என்று வெள்ளைக்காரன் நான்காவது நிமிடத்தில்தான் சொன்னான். இவர் இரண்டாவது நிமிடத்திலேயே முக்கியாகிவிட்டது. காகிதம் கழன்று கூழாகிப் போனது. 'போனா போவுது, காயிதமா பாடப் போவுது?' என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்தது ஆல்கஹால். கோவிட் சமயத்தில் வாங்கிக் குவித்த சானிடைசர் இருந்ததே, அதைப் பஞ்சில் தோய்த்து வட்டமாகத் துடைத்தார். மேலே இருந்த பூசணம் போனது. பள்ளத்தில் இருந்தது அட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றது. வெள்ளைக்காரனின் கடைசி வித்தை, மரம் ஒட்டும் வெள்ளைப் பசையைத் தட்டில் பூசிக் காயவிட்டு அப்படியே உரித்தெடுப்பது. பசையோடு அழுக்கும் வந்துவிடுமாம்.

இதை முதல்முறை பார்த்தபோது ஆம்புரோஸ் சிரித்தார். வெள்ளையாகப் பூசுவது, காயவிடுவது, தோலாக உரிப்பது. எஸ்டேட் ஸ்டோரில் இருபது வருடம் ரப்பர்ப்பாலை உறையவைத்து ஷீட் போட்ட மனிதருக்கு இதையெல்லாம் கற்றுத்தர வேண்டுமா? பசை எதற்கு, பால் இருக்க? கத்தரினின் தம்பி தேவனுக்கு இன்னும் இரண்டு ஏக்கர் பால்மரம் இருந்தது. போன வாரமே அவனுக்குப் போன் போட்டிருந்தார்.

"பாலா? எதுக்கு மாமா?"

"செருப்பு ஒட்ட."

"ஒரு போத்தல் பாலுலயா? எத்தன காலு மாமா ஒங்களுக்கு?"

"கேக்காத மச்சான். ஒறையாம அமோனியா ஊத்திக் குடு. ஒங்க அக்காகிட்ட மூச்சு விடாத."

அந்தப் பாலைத்தான் இப்போது பழைய பல் பிரஷால் தட்டில் மெல்லிசாகப் பூசினார். நாற்றம் மூக்கைத் துளைத்தது. வெயிலில் வைத்தால் தட்டு அப்பளமாக நெளியும் என்று காற்றாடிக்குக் கீழே வைத்துக் காவல் இருந்தார். போன் அடித்தது.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்." சோறு மூடியபடி இருந்தது.

"என்னா கொழம்பு?"

"மீ... மீனு."

"பருப்புல்ல வெச்சேன். என்னா பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"செபம் சொல்லிக்கிட்டிருக்கேன். ஜெபமாலை."

"நல்லா சொல்லுங்க. ஒங்களுக்குத் தேவப்படும்" என்று வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்குப் பால் காய்ந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். இதோடு அவள் குரலும் பிய்ந்து வந்துவிட்டால்? "மாதாவே, ஒரே ஒரு தடவ கேட்டுட்டா போதும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உரித்தார். முழுசாக வந்தது. பூசணமெல்லாம் அந்தத் தோலில். தட்டு புதுச் செருப்பு மாதிரி மினுங்கியது.

ஊசியை வைத்தார். கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு குழுவினர் பாடினார்கள், அவர்கள் நிறுத்தினார்கள், அந்த இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை தனியாகப் பாடியது.

ஆம்புரோஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். இதேதான். வரி முடிகிற இடத்தில் கொஞ்சம் மேலே ஏறி இறங்குகிற இதே குரல்தான். ஐயோ, இதையா மறந்தேன்! 'அப்பா, சைக்கிள் சாவி எங்க?' என்று பமேலா கேட்டது அப்படியே காதில் வந்துவிட்டது. வாய்விட்டு அழுதார். திரும்பப் போட்டார், திரும்ப அழுதார். ஐந்தாவது தடவை போட்டபோது கேட் திறந்த சத்தம் கேட்கவில்லை.

கத்தரின் வாசலில் கைப்பையோடு நின்றாள். விருந்தில் தேவன், "அக்கா, மாமாவுக்குச் செருப்பு ஒட்டியாச்சா?" என்று கேட்டுத் தொலைத்திருக்கிறான். இந்த வீட்டில் இரண்டு பேரும் ரப்பர் சிலிப்பர் போடுகிறவர்கள், அதில் ஒட்ட ஒன்றுமே இல்லை. அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டு, விருந்தில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

"திட்டும்மா" என்றார் ஆம்புரோஸ் எழுந்திருக்காமலே. "எவ்ளோ வேணுன்னாலும் திட்டு. ஆனா இதக் கேளு. எனக்கு நம்ம புள்ள கொரலு மறந்து போச்சு கத்தரினு. ஆறு மாசமா ஒங்கிட்ட சொல்லாம செத்துக்கிட்டிருந்தேன். இப்ப கெடச்சிருச்சு. கேளேன், கொஞ்சம்கூட தேயல."

அவள் திட்டவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை கேட்டாள். முடிந்ததும் ஊசியைத் தானே தூக்கி வைத்தாள்.

"இது பமேலா இல்லங்க."

"என்னா பேசுற? ஒறையில ஒன் கையெழுத்து இருக்கு."

"ஒற அவளோடது. தட்டு அவளோடது இல்ல. வீடு மாறி வந்தோமே, அன்னிக்கி லோரியில அடுப்பு சாஞ்சி அவ தட்டு மூணா ஒடஞ்சிருச்சு. அவ போயி ஒரு வருசம்கூட ஆவல. நீங்க சோறு தண்ணி இல்லாம கெடந்தீங்க. அதுவும் ஒடஞ்சிருச்சுன்னு எப்படிங்க சொல்றது? வேற தட்ட எடுத்து ஒறையில போட்டுட்டேன்."

"ஊசி படக்கூடாதுன்னியே?"

"போட்டா தெரிஞ்சிருமேன்னுதான்."

இருபத்தெட்டு வருடம் இவள் இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். மகள் குரல் இனி இல்லவே இல்லை என்பது ஒரு பக்கம். தான் இவ்வளவு நேரம் அழுதது யாரோ பெற்ற பிள்ளைக்கு என்பது இன்னொரு பக்கம். எதற்கு முதலில் அழுவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப இது யாரு?"

"நம்ம கோயில்ல இந்தப் பாட்ட ரெண்டு தடவ ரெக்கார்டு போட்டாங்க. இது மொத தடவ, எழுவதாம் வருசத்துல. நீங்க அந்த எஸ்டேட்டுக்கே வரல. பாடுன புள்ளைக்கு அப்ப பன்னெண்டு வயசு."

"அந்தப் புள்ள இப்ப எங்கம்மா இருக்கு? உசுரோட இருக்கா?" அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்த ஊரா இருந்தாலும் போலாம் கத்தரினு. ஒரே ஒரு தடவ அது பேசிக் கேட்டா போதும். அப்பிடியே நம்ம புள்ள மாதிரியே இருக்கு."

கத்தரின் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"எந்த ஊருக்கும் போவ வேணாம். நாப்பத்தெட்டு வருசமா ஒங்ககூடத்தான் தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கேன். இன்னிக்கித்தான் கேட்டிருக்கீங்க."