முரசு டொக்டரின் களிம்பு

லண்டன் தமிழர்களில் ஒருவருடைய முகமும் ஞாபகம் இல்லாமல், எல்லாருடைய முரசையும் ஞாபகம் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் முரசு டொக்டர்தான். கோயிலில் கொட்டுகிற முரசைச் சொல்லவில்லை. சென்னைக்காரர் ஈறு என்பதை யாழ்ப்பாணத்தார் நாங்கள் முரசு என்போம். மனிதர் அதிலேதான் படித்துப் பட்டம் வாங்கியவர். ஒரு பல் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவர் ஆராய்ச்சியாளர். ஆராய்ச்சிக்கு நோயாளிகளைச் சேர்த்துக் கொடுப்பதும், சேர்ந்தவர்கள் ஓடிவிடாமல் பார்ப்பதும் என் வேலை. என் தலையில் நரைத்திருப்பதில் பாதி அவர் உபயம்.

ஒரு தடவை வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் தேர். கூட்டத்தில் ஒருவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். இவர் விழித்தார். எங்கேயோ கண்டமாதிரி இருக்கிறதே என்று என்னிடம் கிசுகிசுத்தார். அந்த நேரம் பார்த்துத் தேர் நகர, அந்த மனிதர் அரோகரா என்று வாயைப் பெரிதாகத் திறந்தார். இவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, கீழ் வலது கடைவாய். முரசு நல்லாய் இறங்கிப் போச்சு, பாவம்."

கீழ் வலது கடைவாய் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய உயிர் ஒரு களிம்பில் இருந்தது. பல்லுக்குள் நரம்பு செத்து, அடியில் சீழ் கட்டினால் வேர்ச் சிகிச்சை செய்வார்கள்: உள்ளே துப்புரவாக்கி அடைத்துவிடுவார்கள். ஆனால் சுற்றியுள்ள முரசும் கெட்டிருந்தால் எலும்பு ஆறுவதற்குச் சுணங்கும். அந்த முரசின் இடுக்கில் தன் களிம்பைக் கொஞ்சம் வைத்தால் விரைவாக ஆறும் என்பது டொக்டரின் நம்பிக்கை. ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டுகளில் கிருமிகளை வளர்த்து, பிடுங்கின பற்களில் பூசிப் பூசிப் பார்த்து, வருடக்கணக்காகச் செய்த களிம்பு அது. தட்டில் கிருமி செத்தது. இனி மனிதர் வாயில் பார்க்க வேண்டும். வேர்ச் சிகிச்சை எல்லாருக்கும் ஒன்றுதான்; அதோடு பாதிப் பேருக்கு மருந்துக் களிம்பு, மற்றவர்களுக்கு மருந்தில்லாத களிம்பு. யாருக்கு எது என்பது முடியும்வரை நோயாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இதற்கு ஆள் சேர்ப்பது என்ன கஷ்டமா என்று நினைப்பீர்கள். நான் நயந்து பேசி ஒருவரைக் கொண்டுவந்து இருத்துவேன். அவர் பயந்த முகத்தோடு, இந்தக் களிம்பு வேலை செய்யுமா என்று டொக்டரிடம் கேட்பார்.

"தெரியாது" என்பார் டொக்டர்.

கொஞ்சமாவது பலன் இருக்கும்தானே என்று அந்த மனிதர் கெஞ்சுவார்.

"தெரிஞ்சால் நான் ஏன் ஆராய்ச்சி செய்யிறன்?"

மனிதர் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பொய் சொல்ல வேண்டாம், ஒரு சிரிப்பாவது சிரியுங்கள் என்று நான் தலையிலடித்துக்கொள்வேன். சிரித்தால் அது வாக்குக் கொடுத்தமாதிரி ஆகிவிடும் என்பார்.

சரி, சனத்தைத் தேடி நாங்களே போவோம் என்று கிங்ஸ்பரியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தேன். படம் போட்டு விளக்குங்கள் என்று ஆயிரம் தரம் சொல்லி அனுப்பினேன். படக்கருவி பாரம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு, பிடுங்கின பற்கள் நிறைந்த ஒரு போத்தலோடு வந்து நின்றார். மூடி இறுகப் பூட்டியிருந்தது என்னவோ உண்மைதான். அதைக் கொண்டுபோய் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது. லூயிஷாமிலிருந்து வந்த ஒரு அன்ரி பூண்டு என்று நினைத்து அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "உள்ளி ஊறுகாயோ? நல்ல பருமனாய்க் கிடக்கு" என்றார். டொக்டர் மிகுந்த மரியாதையோடு, இல்லை அன்ரி, இவை சொந்தக்காரர் சம்மதத்தோடு தந்த பற்கள் என்று விளக்கினார். மண்டபத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் வடையைத் தொடவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த அன்ரியே முதல் ஆளாகச் சேர்ந்தார். ஒளிக்காமல் பேசுகிற மனிதர் என்று என்னிடம் காரணம் சொன்னார். அவர் தன் கோயில் கூட்டாளிகளையும் இழுத்து வந்தார். எப்படியோ ஆட்கள் நிரம்பினார்கள். எல்லாருக்கும் சிகிச்சை முடிந்து, காலம் விட்டு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு ஆறியிருப்பதை அளந்து, கடைசியில் யாருக்கு எந்தக் களிம்பு என்ற இரகசியத்தைத் திறந்தார்கள்.

வித்தியாசம் இல்லை. மருந்துக் களிம்பு வைத்தவர்களும் வைக்காதவர்களும் ஒரேமாதிரித்தான் ஆறியிருந்தார்கள்.

டொக்டர் அன்று முழுக்கக் கணினிக்கு முன்னால் இருந்தார். நான் வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது. எங்கள் பிரிவின் தலைவர், இங்கிலிஷ்காரர், நல்ல மனிதர். புகைக்காத இளம் ஆட்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் களிம்புக்குச் சற்றுச் சாதகமாக வருகிறது, அதை முன்னால் வைத்து எழுதினால் அடுத்த ஆராய்ச்சிக்கும் பண உதவி கிடைக்கும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அப்படிப் பிரிப்பது முதலில் போட்ட திட்டத்தில் இல்லை என்றார் டொக்டர். நானும் கெஞ்சினேன். எங்கள் எல்லாருடைய வேலையும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"திரும்பத் திரும்பப் பிரிச்சால், செவ்வாய்க்கிழமை பிறந்த ஆக்களுக்கும் வேலை செய்யும், பிள்ளை" என்றார்.

அதோடு விட்டாரா? பங்குபற்றிய எல்லாரையும் கூப்பிட்டு, முடிவைத் தானே நேரில் சொல்ல வேண்டும் என்று நின்றார். கடிதம் போதும் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. கூட்டம் கூடியது. முன்னுரை இல்லை, முகமன் இல்லை. தன் களிம்பு ஒன்றுமே செய்யவில்லை என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டார்.

லூயிஷாம் அன்ரி எழும்பினார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் சும்மாவோ வந்து வாயைத் திறந்தனான்?"

"சும்மா இல்லை அன்ரி. இது வேலை செய்யும் எண்டு நான் நம்பிக்கொண்டிருந்தனான். அது பிழை எண்டு உங்கட வாய்தான் காட்டினது. இனி ஒருத்தற்ற முரசிலயும் இதை வைக்கத் தேவையில்லை."

அன்ரி யோசித்தார். "அப்ப உங்களுக்குத்தான் நட்டம் போல கிடக்கு, தம்பி."

"ஓம் அன்ரி" என்றார் டொக்டர்.

அன்ரி கதிரைகளை விலக்கிக்கொண்டு அவருக்குக் கிட்ட வந்தார். பிறகு, "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார்.

அடுத்த வருடம் உதவி கிடைக்கவில்லை. என்னை வேறு ஒரு ஆராய்ச்சிக்கு மாற்றினார்கள். டொக்டர் வடக்கே வேறொரு நகரத்தில் நோயாளிகளுக்குப் பல் பார்க்கிற ஒரு சின்ன வேலை கிடைத்துப் போனார். போகும் அன்று எல்லாரிடமும் விடைபெற்றவர், என்னிடம் மட்டும் இரண்டு தரம் விடைபெற்றார். முதல் தரம் யாரென்று தெரியாமல்.

இப்போது என்னோடு வேலை செய்கிற டொக்டர் தங்கமானவர். கதைக்கும் விதத்திலேயே நோயாளிகள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு நேரத்துக்குப் போகிறேன். தலையிடி இல்லை.

சென்ற மாதம் எனக்கே ஒரு பல் வீங்கியது. வேர்ச் சிகிச்சை செய்யத்தான் வேண்டும் என்றார்கள். அதைச் செய்யக்கூடியவர்கள் நான் வேலை செய்கிற கந்தோருக்கு மேல்மாடியிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் லீவு எடுத்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டு, வடக்கே போகிற ரயிலில் ஏறினேன்.